கம்யூனிஸ்டு காலத்துச் செக் சரித்திரப் படங்களைப் பார்ப்பது எப்படி?

செக்கோஸ்லோவாக்கியாவில் 1948 முதல் 1989 வரை எடுக்கப்பட்ட ஒரு சரித்திரப் படத்தைப் பார்க்கத் தொடங்குமுன் மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கதை நிகழும் ஆண்டு, மூலநூல் வெளிவந்த ஆண்டு, படம் வெளியான ஆண்டு. பெரும்பாலும் மூன்றாவது ஆண்டுதான் நமக்கு அதிகம் சொல்லும். படத்தொழில் 1945 ஆகஸ்டிலேயே அரசுடைமையாகிவிட்டதால், 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் முழு அதிகாரத்தையும் கைப்பற்றியபோது, எந்த நாவல் படமாகலாம், எந்த மன்னனை எப்படிக் காட்டலாம் என்பதை முடிவுசெய்யும் வசதி அவர்களுக்கு ஆயத்தமாகவே கிடைத்தது.

முதலில் மூல ஆசிரியர் யார் என்று பாருங்கள். 1950களில் அந்த இடத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர் அலோயிஸ் யிராசெக் (1851–1930). அவர் கம்யூனிஸ்டு அல்லர். செக் தேசிய எழுச்சியின் நாவலாசிரியர். ஆனால் செக் மக்களின் சிறந்த மரபுகளுக்குக் கம்யூனிஸ்டுகளே வாரிசுகள் என்று வாதிட்ட அமைச்சர் ஸ்தெனெக் நெயெட்லிக்கு, ஏற்கெனவே வீடுதோறும் வாசிக்கப்பட்ட யிராசெக்கைவிடப் பொருத்தமான எழுத்தாளர் கிடைத்திருக்க மாட்டார். 1948 இறுதியில் யிராசெக்கின் நூல்களைப் பரப்புவதற்கென்றே ஓர் அரசு இயக்கம் தொடங்கியது. 1620இல் செக் பிரபுக்கள் தோற்ற வெள்ளை மலையில் நிற்கும் நட்சத்திர மாளிகையில், 1951இல் அவருக்கு அருங்காட்சியகமும் அமைந்தது. அவருடைய நாவல்களிலிருந்து வந்த ‘இருள்’ (1950), ‘நாய்த்தலையர்’ (1955) முதலிய படங்களை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் காலத்துக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதுமென்றால், போதகர் யான் ஹுஸ்ஸையும் அவரைப் பின்பற்றிய ஹுஸ்ஸைட்டுகளையும் பற்றி ஓட்டகார் வாவ்ரா இயக்கிய முப்படத்தைத் தேர்ந்தெடுங்கள்: ‘யான் ஹுஸ்’ (1954), ‘யான் ஜிஷ்கா’ (1955), ‘அனைவருக்கும் எதிராக’ (1956). 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் எரிக்கப்பட்ட ஹுஸ் ஒரு சமயச் சீர்திருத்தவாதி. அவருடைய வழக்கே திருச்சபையின் அதிகாரம், வேதத்தின் அதிகாரம் பற்றியது. படத்தில் அவர் பிரசங்கம் செய்யும் காட்சிகளில், கடவுளைப் பற்றிய பேச்சு எவ்வளவு, ஏழைகளைப் பற்றிய பேச்சு எவ்வளவு என்று கவனியுங்கள். கேமரா மேடையை விட்டுக் கூட்டத்தின் முகங்களுக்கு நகரும் தருணங்களையும் விட்டுவிடாதீர்கள். உண்மையான கதாநாயகர் யார் என்று படம் அங்கேதான் சொல்கிறது. முதல் படத்தில் ஹுஸ்ஸாக வந்த ஸ்தெனெக் ஷ்டெபானெக்கே அடுத்த படங்களில் ஒற்றைக்கண் தளபதி ஜிஷ்காவாக வருகிறார். எரிக்கப்பட்ட போதகரின் முகமே படைத்தலைவரின் முகமாகத் திரும்பி வரும்போது, சொல்லும் வாளும் ஒன்றே என்ற வாதம் வசனமே இல்லாமல் நிறைவேறிவிடுகிறது. படவரிசை எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். ஹுஸ்ஸைட்டுகளே ஹுஸ்ஸைட்டுகளை வெட்டிச் சாய்த்த 1434ஆம் ஆண்டு லிபானிப் போர் வரை அது செல்வதேயில்லை.

எல்லாமே இவ்வளவு விறைப்பாக இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம். யான் வெரிக் பேரரசர் இரண்டாம் ருடோல்ஃபாகவும் அவரைப் போலவே தோற்றமுள்ள ரொட்டிக்காரராகவும் நடித்த 1951ஆம் ஆண்டு நகைச்சுவைப் படத்தில், கோலெம் என்னும் மந்திரக் களிமண் பூதம் கடைசியில் மக்களுக்கு ரொட்டி சுடும் அடுப்பாகிறது. கட்சிக்கு அதைவிட இனிப்பான முடிவு இருக்க முடியாது. ஆனாலும் வெரிக்கின் குறும்பு இன்றும் சிரிக்க வைக்கிறது.

1960களுக்கு வரும்போது அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும். பிரான்டிஷெக் விலாச்சிலின் ‘மார்கெட்டா லாசரோவா’ (1967), விளாடிஸ்லாவ் வான்சுராவின் 1931ஆம் ஆண்டு நாவலிலிருந்து உருவானது. வான்சுரா 1942இல் நாஜிகளால் கொல்லப்பட்ட எழுத்தாளர் என்பதால் நூலின் பெயரில் யாரும் குறைகாண முடியாது. திரையில் கிடைப்பதோ பனி, ஓநாய், கொள்ளைக் குடும்பங்கள், பாதி கிறிஸ்தவமும் பாதி பழஞ்சமயமுமான ஓர் உலகம். வரலாறு முன்னேறிச் செல்கிறது என்ற உறுதியை அங்கே யாரும் தருவதில்லை. முதல் முறை கதை பிடிபடாமல் போகலாம்; உறவுமுறைகளை மட்டும் முன்கூட்டியே படித்துவிட்டு அமர்ந்தால் மீதியைப் படமே பார்த்துக்கொள்ளும்.

பிறகு மீண்டும் வாவ்ராவிடம் வாருங்கள். ‘சூனியக்காரிகளுக்கான சுத்தியல்’ (1970), வாட்ஸ்லாவ் காப்லிட்ஸ்கியின் நாவலை ஒட்டி, வடக்கு மொராவியாவின் வெல்கே லோசினியில் 17ஆம் நூற்றாண்டில் நடந்த சூனிய விசாரணைகளைச் சொல்கிறது. பூசையில் ஒரு பிச்சைக்காரக் கிழவி நற்கருணை அப்பத்தை விழுங்காமல் துணியில் ஒளித்துக்கொள்கிறாள். பால் வற்றிய பசுவுக்குக் கொடுக்கத்தான். அந்த ஒரு துண்டு அப்பத்திலிருந்து விசாரணை அதிகாரி போப்லிக் ஊர் முழுவதையும் இழுத்துப் போடுகிறார். இறுதியில் பாதிரியார் லவுட்னரும் தப்பவில்லை. குற்றம்சாட்டப்பட்டவர்கள் தங்கள் வாக்குமூலத்தைப் பாடம்போல ஒப்பிக்கும் இடங்களில் நிறுத்தி யோசியுங்கள். 1952இல் கம்யூனிஸ்டுக் கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளர் ருடோல்ஃப் ஸ்லான்ஸ்கி உட்படப் பதினான்கு பேர் மனப்பாடம் செய்த வாக்குமூலங்களை நீதிமன்றத்தில் சொன்னதும், அவர்களில் பதினொருவர் தூக்கிலிடப்பட்டதும் பார்வையாளர்களுக்கு மறந்திருக்காது. பழைய காலத்தைப் போர்த்திக்கொண்டு நிகழ்காலத்தைப் பேசும் உத்தியை இவ்வளவு வெளிப்படையாகக் கையாண்ட செக் படங்கள் குறைவு.

சோவியத் தலைமையிலான படைகள் 1968 ஆகஸ்டில் நுழைந்த பிறகு அந்தக் கதவு மூடத் தொடங்கியது. வாவ்ரா மட்டும் ஓயவில்லை: செக் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938இன் மியூனிக் உடன்படிக்கையைச் சித்திரிக்கும் ‘துரோகத்தின் நாட்கள்’ 1973இல் வந்தது, அதில் முதலாளிய அரசியல்வாதிகள் நாட்டைக் கைவிட, கம்யூனிஸ்டுத் தலைவர் கிளெமென்ட் காட்வால்டும் கட்சியும் உறுதியாக நிற்கிறார்கள். ஸ்லான்ஸ்கி தூக்கிலிடப்பட்டபோது குடியரசுத் தலைவராக இருந்தவர் அதே காட்வால்ட். 1954, 1970, 1973 ஆகிய மூன்று வாவ்ரா படங்களையும் இதே வரிசையில், இடைவெளி அதிகம் விடாமல் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கூட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள்.