கூந்தன்குளம் போகுமுன் குளத்துத் தண்ணீரை விசாரியுங்கள்

தை பிறந்துவிட்டால், "கூந்தன்குளம் போகணும், என்றைக்குப் போகலாம்?" என்று தெரிந்தவர்களிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். நான் இருப்பது பாளையங்கோட்டையில். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பறவைகள் சரணாலயக் குளத்துக்குப் போய்வருகிறேன். கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில்: தேதி குறிப்பது இருக்கட்டும், குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரியுங்கள்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மழை பொய்த்த ஒரு வருஷம், பொங்கல் லீவு வசதியாக இருக்கிறதே என்று என் அக்கா மகளையும் அவள் பிள்ளைகளையும் கூட்டிப்போனேன். குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுக்குளத்தில் ஆடு மேய்ந்தது. கருவேல மரங்களில் போன வருஷத்துக் கூடுகளின் சுள்ளிகள் மட்டும் தொங்கின. "பறவை எங்கே சின்னாச்சி?" என்று சின்னவன் கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குஞ்சுக்கு மீன் இருக்கும் இடத்தில்தான் கூடு வைக்கும். குளத்துக்குள் நிற்கும் மரம் என்றால் சுற்றிலும் கிடக்கும் தண்ணீரே காவல். பூனையும் நாயும் எளிதில் நெருங்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து, மணிமுத்தாறு கால்வாயிலும் தண்ணீர் வந்துவிட்டால் மார்கழியிலேயே ஊர் பறவைகளால் நிறைந்துவிடும். அதனால் கார்த்திகை கழிந்ததும் விசாரிக்கத் தொடங்குங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிந்துவைக்கும் இபேர்ட் செயலியில் அந்த வாரம் போனவர்களின் பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள். அதைவிட நல்லது, ஒருமுறை போகும்போதே ஊர் டீக்கடையில் பழகி நம்பர் வாங்கி வைத்துக்கொள்வது. "தண்ணி கெடக்கா அண்ணாச்சி? கூழக்கடா வந்துட்டா?" இந்த இரண்டு கேள்வி போதும்.

தண்ணீர் உண்டு என்று தெரிந்தபின், உங்களுக்கு என்ன பார்க்க ஆசை என்பதை வைத்து மாதத்தை முடிவு செய்யுங்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் பார்க்கவேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டை. ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை எல்லாம் அதே சமயம்தான். குளம் கரைமட்டம் நிறைந்திருந்தால், ஓரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கு நிற்க இடம் இருக்காது. மாசியில் தண்ணீர் வற்றி ஓரம் சேறாகும்போது நெடுங்கால் உள்ளான், கரண்டிவாயன், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை என்று வந்து இறங்கும். குஞ்சுகளைப் பார்க்க மாசி, பங்குனி. என்னைக் கேட்டால் மாசி முதல் வாரம். வாத்துகள் இன்னும் கிளம்பியிருக்காது, கூடுகளில் குஞ்சுகளும் இருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக சுமார் 35 கிலோமீட்டர். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் விடியும்போது கரையில் நிற்கவேண்டும் என்பதால் முதல் தடவை போகிறவர்களுக்கு வண்டிதான் நல்லது. முந்தின நாள் ராத்திரி திருநெல்வேலியில் தங்கி, ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். ஒரே நாளில் கூந்தன்குளம், விஜயநாராயணம், திருப்புடைமருதூர் என்று மூன்று இடத்தையும் சுற்றத் திட்டம் போடுகிறார்கள். வேண்டாம். ஒரே குளத்தைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு குளம் போலத் தெரியும்.

பைனாகுலர் 8x42 போதும். எட்டு என்பது பெரிதாக்கும் அளவு, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு வாங்கினால் இன்னும் கிட்டத்தில் தெரியுமே என்று தோன்றும். ஆனால் கை நடுங்கும் நடுக்கமும் பத்து மடங்காகும். மங்கலான நிறத்தில் சட்டை, தொப்பி, ஒரு சின்ன நோட்டு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

இனி ஊருக்குள் நடந்துகொள்ளும் விதம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்லுவேன். கூந்தன்குளம் 1994இல் சரணாலயம் ஆனது, 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பிருந்தே பறவைகளைக் காப்பாற்றி வருவது ஊர்க்காரர்கள்தான். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டுப் புறவாசல் மரங்களிலும் கூடு இருக்கும். ஓட்டிலும் வாசலிலும் எச்சம் வெள்ளையாகப் படியும், மீன் வாடை அடிக்கும். யாரும் விரட்டுவதில்லை. அந்த எச்சம் கலந்த குளத்து வண்டல்தான் வயலுக்கு உரம். ஒரு ஆச்சி வேப்பமரத்தடியில் பெருக்கிக்கொண்டிருந்தார். மேலே நாரைக் குஞ்சுகள் ஓயாமல் கத்தின. நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். "மெல்லப் பேசுளா, புள்ள பெத்த வீடு" என்றார். அன்றைக்குப் பிறகு அந்தத் தெருவில் நான் குரல் உயர்த்தியதில்லை.

ஆகவே ஹாரன் வேண்டாம், பிளாஷ் வேண்டாம், பறவைக் குரலைப் போனில் போட்டுக் கூப்பிடுவது வேண்டவே வேண்டாம். புறவாசலுக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டுக்கு ரொம்பக் கிட்டப் போனால் தாய்ப்பறவை எழும்பிவிடும். முட்டை வெயிலில் காயும், காக்கை வந்து கொத்தும்.

பத்து மணிக்கு மேல் பார்க்க வந்தவர்களின் கூட்டம் கலைந்துவிடும். அப்போதுதான் ஒரு கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உச்சி வெயிலில் நாரை சிறகை விரித்து, அசையாமல், குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நிற்கும். கூழைக்கடாவின் குஞ்சு தாயின் பைக்குள் தலையைக் கழுத்துவரை விட்டு மீன் எடுக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் தாய் விழுங்கிவிட்டதோ என்று பதறுவார்கள்.

கணக்கெடுப்பில் ஆர்வம் இருந்தால் ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் பெயர் கொடுங்கள். 2011 முதல் நடக்கிறது, புதியவர்களும் சேரலாம். பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்று "அது கிளுவை, இது தட்டைவாயன்" என்று காட்டித்தரும்போது வரும் தெளிவு, படம் பார்த்துப் படித்தால் வராது.

மாலை நாலு மணிக்குத் திரும்பக் கரைக்கு வந்துவிடுங்கள். கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டம் கூட்டமாக அடையத் திரும்பும். எல்லோரும் அதோடு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் இருங்கள். பகலெல்லாம் குளத்தில் சும்மா கிடந்த வரித்தலை வாத்துகள் இருட்டுகிற நேரத்தில்தான் வயலுக்கு மேயப் புறப்படும். முதலில் ஒன்றிரண்டு குரல் கொடுக்கும். அப்புறம் மொத்தக் கூட்டமும் எழும்பி, கத்திக்கொண்டே தலைக்கு மேலாகப் போகும்.