நெசவுத் தெருவில் ஒரு சிறிய அருங்காட்சியகம் அமைப்பது எப்படி?

மதுரை மகால் பகுதியிலும் கிருஷ்ணராயர் தெப்பக்குளம் தெருவிலும் முனிச்சாலைப் பக்கத்திலும் தறி ஓய்ந்துபோன வீடுகள் பல உள்ளன. நாயக்கர் ஆட்சிக் காலத்தில் மதுரையில் வேரூன்றிய சௌராஷ்டிர நெசவாளர்களின் வரலாற்றில் பெரும்பகுதி அவ்வீடுகளின் பரண்களில்தான் கிடக்கிறது. வீட்டை இடித்துக் கட்டும்போது அச்சும் (ஊடை நூலை நெருக்கித் தட்டும் சீப்பு) நாடாவும் (ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் கருவி) ராட்டையும் பழைய சாமான் கடைக்குப் போய்விடுகின்றன. அதற்குள் ஒரு வீட்டின் முன்கூடத்திலாவது அவற்றைக் காத்து வைக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

பொருள்களைத் திரட்டுவதற்கு முன்பே பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்குங்கள். தறியில் உட்கார்ந்து பழகிய ஒருவரைக் குழியில் கால்விட்டு நெய்யும் குழித்தறியின் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக்காட்டி, சௌராஷ்டிர மொழியிலும் தமிழிலும் அதன் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். கைப்பேசிப் பதிவே போதும். அம்மொழிக்குத் தனி எழுத்து இருந்தபோதும் எழுதப் படிக்கப் பெரும்பாலோர் தமிழையே கையாள்வதால், சொல்பவர் மறைந்தால் சொல்லும் மறைந்துவிடும். வீட்டுப் பெயரையும் தவறாமல் கேளுங்கள். பாடகர் டி.எம். சௌந்தரராஜனின் பெயரில் முதலெழுத்தாக நிற்கும் ‘தொகுளுவா’ அத்தகைய வீட்டுப் பெயரே.

பொருள் வந்த அன்றே அதற்கு எண் கொடுத்து, கொடுத்தவர், தெரு, பயன்பட்ட விதம் ஆகியவற்றைக் கெட்டி அட்டைப் பேரேட்டில் எழுதுங்கள். நன்கொடையா இரவலா என்பதைக் கொடுத்தவர் கையெழுத்துடன் குறித்துக்கொள்வது மிகவும் முக்கியம். வாய்ப்பேச்சில் வாங்கிய பொருள் அடுத்த தலைமுறையில் வழக்காக வந்து நிற்கும்.

துணிகளுக்கே அதிகக் கவனம் தேவை. என் பாட்டியின் பட்டுப்புடவையைப் பல ஆண்டுகள் மடித்தபடியே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தோம். பிரித்தபோது மடிப்புக் கோடுகளிலெல்லாம் ஜரிகையும் பட்டும் சேர்ந்தே விட்டுப்போயிருந்தன. ஆகவே மடிக்காமல், மல் துணி சுற்றிய பருமனான அட்டைக்குழாயில் சுருட்டி வையுங்கள். அந்த மல் துணியைக் கஞ்சி முழுவதும் போகத் துவைத்திருக்க வேண்டும், ஏனெனில் இராமபாணப் பூச்சி கஞ்சியைத் தேடித்தான் வருகிறது. குண்டூசி குத்தக் கூடாது, அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது, சன்னல் வெயில் எட்டவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

துணியில் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கும், 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியைக் காட்டும்போது, முடிந்த புடவையோடு, சாயம் தோய்த்தும் முடிச்சு அவிழ்க்காத ஒரு துண்டையும் வையுங்கள். நூலால் இறுக்கிய சின்னஞ்சிறு முனைகள் மொட்டுகளைப்போல நெருக்கமாக எழுந்து நிற்பதையும், துணியை இழுத்ததும் அவை விடுபட்டு நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிவதையும் அருகருகே கண்டால்தான், ஒவ்வொரு புள்ளியும் ஒரு விரலின் வேலை என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

விளக்க அட்டைகளில் ஆவணம் சொல்வதையும் வழிவழியாக வந்த செய்தியையும் கலக்காதீர்கள். இரண்டுக்கும் வெவ்வேறு நிற அட்டை வையுங்கள். மத்தியப் பிரதேசத்தில் உள்ள கி.பி. 473-ஆம் ஆண்டின் மந்தசோர் கல்வெட்டு, லாட நாட்டிலிருந்து (இன்றைய தென் குஜராத்) தசபுரத்துக்கு (இன்றைய மந்தசோர்) பெயர்ந்த பட்டு நெசவாளர்கள் கதிரவனுக்குக் கோயில் கட்டியதைக் கூறுகிறது. அவர்களே மதுரை நெசவாளர்களின் முன்னோர் என்பது மரபுச் செய்தி. கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. சௌராஷ்டிரர்களின் பூணூல் சடங்கு குறித்து ராணி மங்கம்மாள் காலத்தில் 1705-இல் பிறந்த ஆணையோ ஆவண வரிசையில் சேரும்.

சட்டப்படி நடத்த, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். நூறாண்டு கடந்த சிலைகளும், 75 ஆண்டு கடந்த மதிப்புமிக்க ஓலைச்சுவடிகளும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள் ஆதலால், அவற்றை ஏற்பதற்கு முன் காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

தினமும் திறக்க முயன்று ஆள் இல்லாமல் பூட்டுவதைவிட, ஞாயிறு காலை மட்டும் தவறாமல் திறப்பது நல்லது. பழைய தறியைத் தொடாமல் வைத்து, பக்கத்தில் சிறிது பாவு (நீளவாட்டு நூல்) பூட்டிய பழக்கத் தறி ஒன்றைப் போட்டால், வரும் பிள்ளைகள் குழியில் கால்விட்டு உட்கார்ந்து, மிதியை அழுத்தித் தாங்களே நாடாவை ஓட்டிப் பார்க்கலாம்.