ஸ்டெம்செல் மாற்றுக்குப் பின் ரத்தம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரிலோ சென்னையிலோ ஸ்டெம்செல் மாற்று முடிந்து காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடு திரும்புகிறவர்களுக்கு இடைப்பட்ட ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் நம்மூர் லேபில்தான். லேபில் நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழியில், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளும் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மாற்றி ஒட்டுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஹீமோலைஸ் ஆன சாம்பிளில் எல்டிஎச்

இதை இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சிவப்பணுவுக்குள் எல்டிஎச் என்ற நொதி நிறைந்து கிடக்கிறது. மெல்லிய ஊசியில் வெடுக்கென்று இழுத்து, அதே ஊசி வழியாக டியூபுக்குள் பீய்ச்சினால் அணுக்கள் உடைந்து (அதுதான் ஹீமோலைஸ்), அந்த எல்டிஎச் சீரத்தில், அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரில், கலந்துவிடும்.

மாற்று செய்தவர்களுக்கு ஈசிக்ஸ் என்றொரு கணக்கு உண்டு. எல்டிஎச்சை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினால் பெருக்கி, தட்டணு எண்ணிக்கையால் வகுப்பார்கள். ரத்தக்குழாயின் உட்சுவர் எவ்வளவு அடிபட்டிருக்கிறது, சிக்கல் வருமா என்று கணிக்க உதவும். எல்டிஎச் 240, கிரியேட்டினின் 0.9, தட்டணு 1,20,000 (கணக்கில் 120) என்றால் 1.8 வரும். ஊசி பிடித்த கை எல்டிஎச்சை 600 ஆக்கினால் அதுவே 4.5.

கீமோவில் நரம்பெல்லாம் சுருங்கிப்போன ஓர் ஆச்சி. "கையை நல்லா மூடி மூடித் திறங்க ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே, கட்டிய பட்டையை அவிழ்க்காமல் ஒரு லேபில் இழுத்திருக்கிறார்கள். சீரம் ரோஸ்மில்க் நிறம். அதை ஒருவரும் குறிக்காமல் ரிப்போர்ட் போய்விட்டது. நுண்குழாய்களில் ரத்தம் உறையும் டிஎம்ஏ என்ற சிக்கலோ என்று மருத்துவருக்குச் சந்தேகம். ஆச்சி சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரையே அதற்குக் காரணமாகலாம் என்பதால், இரவு மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கிளம்பச் சொன்னார். இரவெல்லாம் பயணம். மறுநாள் எடுத்த எல்டிஎச் சரியாகவே இருந்தது. அந்த மாத்திரைதான் தானமாக வந்த அணுக்கள் உடம்பைத் தாக்காமல் தடுப்பது. அதை வீணாக நிறுத்த வைத்தது ஒரு கவனக்குறைவான ஊசி.

பட்டையை ஒரு நிமிடத்துக்குள் அவிழுங்கள். ஸ்பிரிட் காயட்டும். ஊசியைக் கழற்றிவிட்டு டியூபின் சுவரோரமாக ரத்தத்தை மெதுவாக விடுங்கள். மெஷினில் வைக்கும் முன் சீரத்தைக் கண்ணால் பாருங்கள். சிவந்திருந்தால் மறு கையில் இன்னொரு முறை எடுங்கள். அதுவும் சிவந்திருந்தால் உங்கள் கைத்தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். டிஎம்ஏவில் உடம்புக்குள்ளேயே சிவப்பணு உடையும். உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தத்தில்) உடைந்த அணுக்களைத் தேடுங்கள்.

திடீரென்று விழுந்த தட்டணு

ஸ்மியர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஊதா மூடி டியூபில் சிலருக்குத் தட்டணு ஒட்டித் திரளும். மெஷின் அதைக் குறைவாக எண்ணும், ஈசிக்ஸ் தானாக ஏறும். சிட்ரேட் டியூபில் திரும்ப எடுத்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

ஐஸ் பெட்டியில் எல்டிஎச்

கூடாது. குளிரில் அதன் செயல்பாடு குறையும். மதுரைக்கு அனுப்புவதானால் சீரத்தைப் பிரித்து, வெயில் படாமல், அறை வெப்பத்தில்.

எஸ்டி2 இங்கே இல்லையே என்ற கவலை

தானமாக வந்த அணுக்கள் உடம்பைத் தாக்கும் சிக்கலைக் கணிக்க ரத்தத்தில் பார்க்கும் புரதங்கள் எஸ்டி2, ரெக்3ஆல்ஃபா. இரண்டும் பெரிய மையங்களின் வேலை. நம்மிடம் இருப்பதைச் சரியாகச் செய்யலாம்.

டாக்ரோலிமஸ் அளவு

காலை மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள்: "மாத்திரையைக் கையில் கொண்டு வாங்க, ரத்தம் குடுத்துட்டுப் போட்டுக்கலாம்." மருந்தில் பெரும்பகுதி சிவப்பணுக்களில்தான் ஒட்டியிருக்கும். அதனால் ஊதா மூடி டியூபில் முழு ரத்தமாக அனுப்புங்கள், சீரமாக வேண்டாம்.