வீடு முதலில், வாய்க்கால் கடைசியில்: வளரும் புறநகர் ஊரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை ஆறரைக்கு மேல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் ஒவ்வொரு செங்கல்பட்டு லோக்கல் ரயிலும் சென்னையின் தெற்குப் புறநகரான கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன ஊரையே இறக்கிவிட்டுப் போகிறது. தோளில் லேப்டாப் பை, கையில் காலி டிபன் பாக்ஸ். படி இறங்கியதும் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். ஷேர் ஆட்டோவில் இடம் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டாண்டில் விட்ட பைக்கை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை நெரிசலுக்குள் நுழைய வேண்டும். வீடு பக்கத்தில்தான். ஆனால் அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் ஆளைக் களைப்பாக்கிவிடுகிறது.

நந்திவரம்-கூடுவாஞ்சேரி 2021-இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆனது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கும் அரசாணை 2022-இல் வந்தது. ஆகவே திட்டம், வளர்ச்சி, புதுநகர் என்ற பேச்சு இப்போது நிறையக் கேட்கிறது. நல்லதுதான். ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கும் ஊர்களின் கஷ்டத்துக்குப் பெரும்பாலும் காரணம், வேலைகளைத் தலைகீழ் வரிசையில் செய்ததுதான் என்று நான் நினைக்கிறேன். முதலில் மனை, அடுத்து வீடு, அப்புறம் சாலை, வெள்ளம் வந்த பிறகு வாய்க்கால். இனி போடும் திட்டமாவது இந்த வரிசையை மாற்ற வேண்டும்.

முதல் தவறு மனைப்பிரிவிலேயே தொடங்குகிறது. வயலாக இருந்தபோது வரப்பு ஓடிய எல்லையில் இன்று ஹாலோ பிளாக் சுவர் நிற்கிறது. 'நகர்' என்று பெயர் வைத்த ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் ஒரு வாசல், உள்ளே நான்கைந்து தெரு, கடைசியில் முட்டுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த நகரின் தெரு வந்து முடிகிறது. ரயில் நிலைய அறிவிப்பு வீட்டுக்குள் தெளிவாகக் கேட்கும். நிலையத்துக்குப் போக மட்டும் ஒன்றரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நடந்து போகக்கூடிய தூரத்தைச் சுவர்களே வண்டித் தூரமாக்கிவிடுகின்றன. அப்புறம் வண்டி பெருகிவிட்டது, நெரிசல் தாங்கவில்லை என்று பிரதான சாலையை அகலப்படுத்துகிறோம்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு அந்த மனைகளுக்கு அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டம் வந்தது. பல குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வரன்முறை தருவது காகிதத்தில் அங்கீகாரம்; எந்த இரண்டு தெருவையும் அது இணைக்காது. கட்டி முடித்த ஊரிலும் இதற்கு வழி இருக்கிறது. எந்த இடத்தில் ஒரே ஒரு காலி மனையின் ஓரத்தில் பத்தடிப் பாதை கிடைத்தால் இரண்டு நகர்கள் சேரும் என்று வார்டு வார்டாகக் குறித்து, நகராட்சி அதை விலை கொடுத்து வாங்கலாம். மேம்பாலத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. காலி மனை தீர்ந்துபோவதற்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயத்தில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் கொடியது. ஏரி என்றால் கரையும் நடுவில் தேங்கிய நீரும் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால், பாசனத்துக்குத் திறக்கும் மதகு, நிரம்பியதும் உபரியை வெளியே விடும் கலங்கல், அதிலிருந்து அடுத்த ஏரிக்கு ஓடும் வாய்க்கால் எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. நந்திவரம், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், ஆதனூர் ஏரிகளின் உபரி நீர் அடையாற்றை நோக்கித்தான் போகிறது. நடுவில் ஒரு வாய்க்காலை ஒருவர் மண் கொட்டி மூடினால், தண்ணீர் வேறொருவர் வீட்டு வழியாகப் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்ததை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியிருந்தும் ஏரிக்குப் பணம் வந்தால் முதலில் கரையில் நடைபாதை, கம்பி வேலி, அலங்கார விளக்கு என்றுதான் போகிறது. நடைப்பயிற்சிக்கு இடம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கலங்கலுக்குக் கீழே நூறு மீட்டர் நடந்து பாருங்கள். இருபதடி வாய்க்கால் ஒரு சிறுபாலத்துக்கு அடியில் இரண்டு குழாயாகச் சுருங்கி, அந்தக் குழாயிலும் பாதி குப்பை அடைத்திருந்தால், மேலே போட்ட விளக்கால் யாருக்கு என்ன பயன்?

தெருவுக்குத் தெரு கட்டும் மழைநீர் வடிகாலிலும் இதே பிழைதான். அந்த நீர் கடைசியில் எந்த வாய்க்காலில் போய் விழும், அதற்கு வாட்டம் (சரிவு) இருக்கிறதா என்று பார்க்காமல் கட்டினால், கிடைப்பது கொசு வளர்க்கும் நீளத் தொட்டி. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் வீட்டுக் கழிவுநீரும் அதில்தான் சேரும். கட்டும் வேலை ஆற்றிலிருந்தும் ஏரியிலிருந்தும் தொடங்கி மேலே வர வேண்டும். தெருமுனையிலிருந்து கீழே போகக் கூடாது.

சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதும் இதோடு சேர்ந்ததுதான். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதமே உத்தரவிட்டார். கட்டியபோது மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகிறீர்கள் என்றால், உங்கள் தெருவில் அந்த உத்தரவு வருவதற்கு முன்போ பின்போ என்ன நடந்தது என்பதை வாசற்படியே சொல்லிவிடும்.

போக்குவரத்துக்கு வருவோம். வெளியூர் பஸ்களுக்காகக் கட்டிய கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 88 ஏக்கர், விசாலமான கட்டடம். செங்கல்பட்டு ரயில் பாதை கிட்டத்தில்தான் ஓடுகிறது. ஆனால் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை, மெட்ரோவும் இல்லை. ராத்திரி முழுக்கப் பயணம் செய்து விடியற்காலையில் வந்து இறங்கும் அம்மாவும் பிள்ளையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பஸ்ஸையோ ஆட்டோவையோ தேட வேண்டியிருந்தது. ரயில் நிலையத்துக்கும் ஆகாய நடைபாலத்துக்கும் வேலை பிறகு நடந்தது. நிலையம் கட்டி, நடைபாலம் இணைத்து, அதற்கப்புறம் முனையத்தைத் திறந்திருந்தால் மக்கள் முதல் நாளிலிருந்தே ரயிலுக்குப் பழகியிருப்பார்கள். முதல் சில மாதங்களில் பழகும் வழியைத்தான் மனிதர்கள் தொடர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள். பைக் வாங்கியவர் அதை விற்றுவிட்டு ரயிலுக்கு வருவது அபூர்வம். இனி எந்த ஊரில் எந்த முனையம் கட்டினாலும், இறங்கியவர் அடுத்த வண்டிக்கு நனையாமல், சாலை கடக்காமல், எத்தனை நிமிடத்தில் நடந்து போவார் என்ற கேள்விக்கு வரைபடத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஊரைச் சீர்படுத்துகிறோம் என்று ஸ்டேஷன் ரோட்டுக் கடைகளைத் தூக்குவது. பூக்காரம்மா, கீரைக்கட்டு, பஜ்ஜிக் கடை, தள்ளுவண்டிப் பழம். இவர்கள் நடைபாதையை அடைக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் இரவு ஒன்பதரை வண்டியில் இறங்கித் தனியாக நடந்து போகும் பெண்ணுக்கு அந்தப் பூக்கடை விளக்குதான் துணை. தெரு வியாபாரிகள் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. கணக்கெடுத்து, இடம் ஒதுக்கி, வியாபாரிகளும் அமர்ந்த குழு வைத்து முடிவெடு என்று அது சொல்கிறது. சாலையில் ஓரமாகக் கார் நிறுத்தும் இடத்தில் பாதியை எடுத்தாலே கடைக்கும் இடம் வரும், நடக்கவும் இடம் வரும்.

வேலை எல்லாம் வடக்கே, வீடு எல்லாம் தெற்கே என்று விடுவதும் தவறு. காலையில் சென்னை போகும் வண்டியில் நிற்க இடமில்லை, எதிர்த்திசையில் அவ்வளவு கூட்டமில்லை. தொழிலும் வீடும் சேர்ந்த துணை நகரமாக 1980-இலேயே மறைமலை நகரைத் திட்டமிட்டார்கள், நல்ல யோசனை. ஆனால் ஒரு பெரிய ஆலையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் 2022-இல் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்தியபோது அதே ஊர் பார்த்தது. சின்ன அலுவலகங்கள், மருத்துவமனை, பயிற்சி நிலையம் என்று பலவும் நிலையத்தை ஒட்டி வர இடம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, ஊரின் வளர்ச்சித் திட்ட வரைபடம் வெளியான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குடியிருப்போர் சங்கங்கள் காத்திருப்பது. வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபனை கேட்பார்கள். அந்த நாட்களுக்குள் ஆதாரத்தோடு எழுதினால்தான் எடுபடும். எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டைத் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். உங்கள் பகுதிப் புல எண்களை (சர்வே எண்களை) ஒவ்வொன்றாகப் போட்டு, வாய்க்கால், ஏரி, வண்டிப்பாதை என்று வருவதையெல்லாம் தனியே எழுதி வையுங்கள். மனைப்பிரிவில் பூங்காவுக்கும் பொது இடத்துக்கும் தானமாக ஒப்படைத்த நிலம் எங்கே இருக்கிறது, இப்போது அதில் என்ன நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பட்டியலோடு நாலு பேர் நடந்து, போன் கேமராவில் படம் எடுத்து வந்தால், ஆட்சேபனை மனுவில் பாதி தயார்.