பட்டுப்புடவை ஷூட்: ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு விளக்கு வைத்துத் தொடங்குவது எப்படி?

வீட்டிலிருந்தே புடவை விற்கும் ஒருவரோ, புதிதாகத் திறந்த சின்ன பொட்டிக் ஒன்றோ, "எங்க கலெக்‌ஷனை போட்டோ எடுத்துத் தர முடியுமா?" என்று உங்களிடம் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஷன் போட்டோகிராஃபிக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது. பட்டை ஒழுங்காகப் படமெடுக்கத் தெரிந்தவருக்கு மற்ற துணிகள் சுலபம். ஜரிகை, அடர்ந்த சிவப்பு, இரண்டு நிறம் காட்டும் நெசவு என்று ஒளிப்படத்தின் கஷ்டங்கள் எல்லாம் ஒரே துணியில் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை விளக்குக்கு ஒதுக்குங்கள். ஷூட்டுக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு பகுதியைத் துணியைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

படி 1: பேச வேண்டியதை முதலிலேயே பேசிவிடுங்கள்

எத்தனை புடவை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை படம், எங்கே போடப் போகிறார்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு மட்டுமா, கடை வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்பார்களா என்பதைப் பொறுத்து வேலையும் மாறும், கூலியும் மாறும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஆறு புடவைக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். படமெடுக்கும் நேரத்தைவிட உடை மாற்றி, மடிப்பு வைத்து, பின் குத்தும் நேரம்தான் அதிகம்.

பதிப்புரிமையைப் பற்றியும் இப்போதே பேசுங்கள். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவருக்கே உரிமை என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் போர்ட்ஃபோலியோவில் படங்களைப் போட வேண்டும், வேறு கடைக்கு அவை போகக் கூடாது என்றால், இரண்டு வரியில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மாடலிடமும் தனியாக ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு தேதியை உறுதி செய்யுங்கள்.

படி 2: கருவிகள்

கேனான் 200டி மார்க் 2, நிக்கான் டி5600, சோனி ஏ6400 என்று கையில் எது இருக்கிறதோ அது போதும். லென்ஸ்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். எல்லோரும் முதலில் வாங்குவது 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும்). அருமையான லென்ஸ், விலையும் குறைவு. ஆனால் இந்த கேமராக்களில் இருப்பது ஏ.பி.எஸ்.-சி. சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார். இதில் 50 மி.மீ. லென்ஸ் மாட்டி, ஒருவரைத் தலைமுதல் கால்வரை எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் பதினான்கு, பதினைந்து அடி தள்ளி நிற்க வேண்டும். மாடல் பின்னணியிலிருந்து நாலைந்து அடி முன்னால் நிற்பார். ஆக, இருபதடி நீள அறை தேவை. நம் வீட்டு ஹால் அவ்வளவு நீளம் இருக்காது. 35 மி.மீ. என்றால் பத்துப் பதினோரு அடியில் முடிந்துவிடும். அதைவிட அகலமான லென்ஸோடு நெருங்கிப் போனால், கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெருத்துத் தெரியும், பாதம் சிறுத்துவிடும், புடவை விழும் அழகே கெட்டுவிடும். எனவே லென்ஸ் வாங்கும் முன் டேப் எடுத்து அறையை அளந்துவிடுங்கள்.

விளக்குக்கு, கோடாக்ஸ் டிடி600 போன்ற மேனுவல் ஃப்ளாஷ், தள்ளி இருக்கும் அந்த ஃப்ளாஷை கேமராவிலிருந்து இயக்க ஒரு ட்ரிக்கர், ஸ்டாண்டு, வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் மூன்றடி சாஃப்ட்பாக்ஸ் அல்லது வெள்ளைக் குடை. அப்புறம் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தெர்மாகோல் அட்டை இரண்டு, கறுப்புத் துணி ஒன்று, நிறத்தைச் சரிசெய்ய உதவும் சாம்பல் நிற அட்டையான கிரே கார்டு ஒன்று. ஊக்கும் பைண்டர் கிளிப்பும் நிறையவே வேண்டும். 85 மி.மீ. லென்ஸ் தேவைப்பட்டால் நாள் வாடகைக்கு எடுங்கள். வேலை தொடர்ந்து வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

படி 3: முந்தின நாள் மாலை, புடவையோடு ஒரு மணி நேரம்

பலரும் தாண்டிப் போகும் படி இது. எனக்கு இதுதான் ஷூட்டின் உயிர்.

கடைக்காரரிடமிருந்து புடவைகளை முந்தின நாளே வாங்கிக்கொள்ளுங்கள். தர மாட்டேன் என்றால் கடைக்கே போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றையும் விரித்து உடல், கரை, முந்தி மூன்றையும் தனித்தனியே கவனியுங்கள். காஞ்சிபுரம் கோர்வைப் புடவை என்றால், உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோர்த்தவை. அந்தச் சேர்மானம் தெரிவதுபோல ஒரு குளோசப் கட்டாயம் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் தேடுவார்கள். மயில் கழுத்து நிறம் என்றால் பாவு (நீள இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம். நேராகப் பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை. இதை ஒரே படத்தில் காட்ட, மடிப்பு விழுந்த இடம்தான் வழி. மடிப்பின் மேட்டில் ஒரு நிறமும் பள்ளத்தில் இன்னொன்றும் தெரியும்.

இப்போது ஜரிகைக்கு ஒரு சோதனை. மாடல் நிற்கப் போகும் இடத்தில் ஒரு ஸ்டாண்டிலோ நாற்காலி முதுகிலோ முந்தியைத் தொங்கவிடுங்கள். கேமரா நிற்கப் போகும் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். கூட இருப்பவரை ஒரு எல்.இ.டி. விளக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அரைவட்டம் நடக்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் ஜரிகை முழுக்க வெள்ளையாகப் பளீரென்று எரியும், மயிலும் மாங்காயும் காணாமல் போகும். இன்னோரிடத்தில் ஜரிகை செத்துப்போய்க் களிம்பேறிய பித்தளை நிறத்தில் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே ஓரிடம் இருக்கிறது. அங்கே பொன் நிறமும் தெரியும், இழை இழையாக நெசவும் தெரியும். அந்த இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். நாளைக்கு உங்கள் விளக்கு நிற்க வேண்டியது அங்கேதான்.

காரணம் எளிது. ஜரிகை உலோகப் பூச்சுள்ள இழை. தன் எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் அது திருப்பிக் காட்டும். எதிரே இருட்டு மூலை என்றால் ஜரிகையும் இருட்டு. சின்ன பல்பு என்றால் ஒரு புள்ளி மட்டும் எரியும். பெரிய வெள்ளைப் பரப்பு என்றால் முந்தி முழுக்க ஒரே சீராகப் பொன்னாகும். அதனால்தான் சாஃப்ட்பாக்ஸும் தெர்மாகோலும். ஜரிகை இருண்டே இருந்தால் பவரை ஏற்றாதீர்கள். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாகோலை நிறுத்திப் பாருங்கள், உடனே விழித்துக்கொள்ளும்.

சுருக்கம் இருந்தால் புடவையின் பின்புறத்தில், மேலே ஒரு காட்டன் துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். ஷூட்டில் திருத்த ஒரு நிமிடம் ஆகும் சுருக்கத்தை போட்டோஷாப்பில் திருத்த அரைமணி நேரம் ஆகும்.

படி 4: வெளிச்சம் அமைப்பது

ஃப்ளாஷ் இன்னும் வாங்கவில்லையா? ஜன்னல் போதும். 1950இல் வோக் ஃபேஷன் இதழுக்காகப் பாரிஸ் ஆடைகளைப் படமெடுத்த அமெரிக்க ஒளிப்படக்காரர் இர்விங் பென், ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளத்தில், யாரோ கழித்துப்போட்ட நாடகத் திரைச்சீலையைப் பின்னணியாகத் தொங்கவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே எடுத்தார். ஃபேஷன் படங்களில் இன்றும் பாடமாகப் பார்க்கப்படுபவை அவை.

ஜன்னல் என்றதும் 'வடக்கு ஜன்னல்' என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அது ஐரோப்பாவுக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி நேரத்துச் சூரியனே சற்று வடக்கே தள்ளித்தான் இருக்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாக நேர் வெயில் உள்ளே வரலாம். ஒரு பழைய வெள்ளை வேட்டியை ஜன்னல் முழுக்கக் கட்டிவிடுங்கள், எந்தத் திசையானாலும் பிரச்சினை தீர்ந்தது. அறையில் இருக்கும் ட்யூப்லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு விதமான வெளிச்சம் கலந்த பட்டின் நிறத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. சுவர் ரோஸ் கலரோ பச்சையோ என்றால், மாடலுக்கு அருகில் உள்ள பக்கத்தை வெள்ளைத் துணியால் மூடுங்கள்.

ஃப்ளாஷ் என்றால் நேற்று டேப் ஒட்டிய இடத்தில் வையுங்கள். உயரம், மாடலின் கண்ணுக்குச் சற்று மேலே. விளக்கு மிக அருகில் இருந்தால் முகம் பளிச்சென்றும் பாதத்தில் இருக்கும் கரை இருண்டும் வரும். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். புடவைக்குக் கரைதான் அழகு, அதை இருட்டில் விடக் கூடாது. முழு உருவப் படத்துக்கு விளக்கை மாடலிடமிருந்து ஏழெட்டு அடி தூரத்துக்குப் பின்னுக்கு இழுங்கள், ஒரு தெர்மாகோலைக் காலடியில், ஃப்ரேமுக்கு வெளியே, சாய்த்து வையுங்கள். முகம் தட்டையாகத் தெரிந்தால் விளக்குக்கு எதிர்ப்பக்கம் கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

படி 5: கேமராவில் என்ன வைப்பது

மேனுவல் மோடு, ரா ஃபார்மேட் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு). ஃப்ளாஷோடு ஷட்டர் வேகம் 1/160 வினாடி, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்வு) 100இல் தொடங்கி, ஃப்ளாஷ் பவரை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். ஷட்டரை 1/200க்கு மேல் கொண்டுபோனால் பல கேமராக்களில் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். ஜன்னல் வெளிச்சம் என்றால் எஃப் 4, 1/200, ஐ.எஸ்.ஓ. 400 என்று தொடங்குங்கள். எஃப் 1.8இல் எடுக்கும் ஆசையை அடக்குங்கள். கண் மட்டும் கூர்மையாக இருந்து முந்தி மங்கிப் போனால் கடைக்காரருக்கு அந்தப் படத்தால் பயனில்லை.

நிறம்தான் இந்த வேலையின் நாணயம். வாங்குபவர் படத்தைப் பார்த்துத்தான் பணம் அனுப்புகிறார். எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் அழைக்கப்படும் 'எம்.எஸ். ப்ளூ' என்று கேட்டு வாங்கியவருக்கு, வீட்டில் பிரித்தால் வேறு நீலம் வந்து நிற்கக் கூடாது. வெளிச்சம் அமைத்ததும் மாடல் கையில் கிரே கார்டைக் கொடுத்து ஒரு படம் எடுங்கள். விளக்கை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் இன்னொன்று. பின்னால் எடிட் செய்யும்போது அந்தக் கார்டின் மேல் ஒரே கிளிக்கில் வொயிட் பேலன்ஸ் சரியாகிவிடும்.

அரக்கு, குங்குமச் சிவப்பு, ராணி பிங்க் வந்தால் இன்னும் கவனம். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று காட்டும்போதே சிவப்புச் சேனல் மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். அப்படி நிரம்பினால் பட்டின் இழை தெரியாது, சிவப்புப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும். கேமராவில் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமை ஆன் செய்யுங்கள், பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வையுங்கள், சிவப்பு வலது சுவரில் முட்டினால் வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு முழு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

மெல்லிய கட்டம் போட்ட புடவையிலும் ஆர்கன்சாவிலும் சில சமயம் வானவில் கோடுகள் அலையலையாக வரும். இதை மொய்ரே என்பார்கள். ஒரு அடி முன்னேயோ பின்னேயோ நகர்ந்து மறுபடி எடுத்து, ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் போய்விடும்.

படி 6: உடுத்துபவரும் உடுத்திவிடுபவரும்

புடவை கட்டிவிட ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து வாருங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு எதிலாவது குறையுங்கள். செருப்பை முதலில் போட்டுக்கொண்டு அப்புறம் புடவை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரை தரையிலிருந்து தூக்கி நிற்கும். லேசான புடவையில் தொடங்கிக் கல்யாணப் பட்டில் முடியுங்கள். நகையும் மேக்கப்பும் கூடிக்கொண்டே போகலாம், திரும்பக் குறைக்க நேரம் பிடிக்கும். மல்லிகைப் பூவை ஈரத்துணியில் சுற்றி வைத்து, தேவைப்படும்போது மட்டும் வெளியே எடுங்கள்.

உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை, கூட ஒருவரை அழைத்துவரும் உரிமை, நேரத்துக்குச் சாப்பாடு, பேசியபடி சம்பளம். இவை இல்லாமல் யாரையும் கேமரா முன் நிறுத்தாதீர்கள். மடிப்பு கலைந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். "அக்கா, முந்தியைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்று கட்டிவிடுபவரிடம் சொல்லுங்கள்.

படி 7: எடுங்கள்

ஒவ்வொரு புடவைக்கும் ஒரே வரிசை: முன்பக்கம் முழு உருவம், பக்கவாட்டு, முந்தி விரிந்த பின்பக்கம், இடுப்பு வரை, கரையின் குளோசப். இந்த ஐந்தும் கடைக்கு. முழு உருவத்துக்கு கேமராவை மாடலின் இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள்.

ஐந்தும் முடிந்ததும் பத்து நிமிடம் உங்களுக்கு. மாடலை நடக்கச் சொல்லுங்கள், சட்டென்று திரும்பச் சொல்லுங்கள், முந்தியை வீசச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் என்றால் ஷட்டரை 1/500க்கு ஏற்றுங்கள். போர்ட்ஃபோலியோவுக்கு வரும் படம் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் கிடைக்கும். 'அப்படியே இருங்க' என்பதைவிட, 'ஜன்னல் பக்கம் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்புங்கம்மா' என்று ஏதாவது செய்யக் கொடுத்தால் உடம்பு தானாகத் தளரும்.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே வெயிலில் எடுக்கப் போகிறீர்கள் என்றால், கேமராவைப் பையில் மூடியபடியே கொண்டுபோய்ச் சிறிது நேரம் விடுங்கள். உடனே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். கடலோர ஊர்களில் அந்த ஈரம்தான் பூஞ்சைக்கு ஆரம்பம். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களுக்குப் போவதானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

படி 8: தேர்வு, எடிட், ஒப்படைப்பு

அன்றிரவே இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். எடிட் செய்யும்போது புடவையையோ, அதன் ரவிக்கைத் துண்டையோ மானிட்டருக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முகத்தை வெளுக்க வைக்காதீர்கள். கடைக்காரரே "கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று கேட்டாலும், மாநிறத்திலும் கறுப்பிலும் அரக்குப் பட்டு எப்படி ஒளிர்கிறது என்பதை முதல் படத்திலேயே காட்டிப் புரியவையுங்கள். முகத்தை வெளுக்க வைக்க வெளிச்சத்தை ஏற்றினால் முதலில் பலியாவது ஜரிகை. அதைக் காட்டினால் அவரே ஒத்துக்கொள்வார்.

கோப்புகளை எஸ்.ஆர்.ஜி.பி. (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பு) ஜேபெக்காக மாற்றி, டிரைவ் லிங்க்காகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில்தான் வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். மீதிப் பணம் வந்து, படங்கள் எல்லாம் திறக்கின்றன என்று அவர்கள் சொன்ன பிறகு மெமரி கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். புடவைகளை எண்ணி, மடித்து, ஊக்கு எதுவும் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.