ஐபிவி4 வாசலை பூட்டியாச்சு, ஐபிவி6 வாசலைப் பாத்தீங்களா? ரெண்டுக்கும் சேத்து ஒரே ஃபயர்வால் போடுறது எப்படி

இப்பல்லாம் ஒரு விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கிற விர்ச்சுவல் சர்வர்) எடுத்தா பழைய வகை இன்டர்நெட் அட்ரஸான ஐபிவி4 கூடவே பெரும்பாலும் புது வகையான ஐபிவி6-ம் வந்துடுது, நாம பாட்டுக்கு பழைய ஐபிடேபிள்ஸ் (லினக்ஸோட ஃபயர்வால் கமாண்ட்) ஸ்கிரிப்டை ஓட்டிட்டு எல்லாத்தையும் பூட்டியாச்சுன்னு நிம்மதியா தூங்கப் போயிடுறோம். ஆனா ஐபிடேபிள்ஸ் பாக்குறது ஐபிவி4 பாக்கெட்டை மட்டும்தான். ஐபிவி6-க்கு ஐபி6டேபிள்ஸ்னு தனி கமாண்ட், தனி ரூல்ஸ், அதுல நீங்க எதுவுமே எழுதலைன்னா டிஃபால்ட்டா எல்லாத்துக்கும் அக்செப்ட்.

நான் பாத்துக்கிட்டிருந்த ஒரு சர்வர்ல இதேதான் நடந்துச்சு. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோட 3306 போர்ட்டை ட்ராப் பண்ணி, வீட்டுல இருந்து என்மேப் (எந்த போர்ட் திறந்திருக்குன்னு பாக்குற டூல்) ஓட்டி மூடியிருக்குன்னு பாத்துட்டுதான் விட்டேன். அப்புறம் ஒரு நாள் பஸ்ல போறப்போ மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருந்து சர்வர் பேரைப் போட்டு கனெக்ட் பண்ணா கனெக்ட் ஆகுது! ஆகவே கூடாது. வீட்டு லைன்ல ஐபிவி6 இல்ல, மொபைல்ல இருந்துச்சு, வித்தியாசம் அவ்வளவுதான். என்மேப்பும் மைனஸ் 6 ஆப்ஷன் குடுக்கலைன்னா ஐபிவி4-ஐ மட்டும்தான் பாக்கும்.

அதனால எந்தெந்த போர்ட் காத்துக்கிட்டிருக்குன்னு தெரிய முதல்ல எஸ்எஸ் கமாண்டை டிஎல்என்பி ஆப்ஷன்களோட (ss -tlnp) ஓட்டிப் பாருங்க. போர்ட்டுக்கு முன்னாடி 0.0.0.0 இருந்தா ஐபிவி4 மட்டும், சதுர அடைப்புக்குள்ள ரெண்டு கோலனோ வெறும் நட்சத்திரக் குறியோ இருந்தா ஐபிவி6-லயும் காத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். வெளிய தேவையே இல்லாத டேட்டாபேஸ், ரெடிஸ் மாதிரி ஆளுங்களை ஃபயர்வாலுக்கு முன்னாடியே 127.0.0.1-ல (சர்வருக்குள்ள இருந்து மட்டும் எட்டுற அட்ரஸ்) மட்டும் உக்கார வச்சிடுங்க.

அடுத்து, ரெண்டு ஸ்கிரிப்ட் வச்சுக்கிட்டு ரெண்டையும் ஒத்துப்போக வைக்கிற வேலையே வேணாம், ஒரு நாள் ஒண்ணை மாத்திட்டு இன்னொண்ணை கண்டிப்பா மறப்பீங்க. ஐபிடேபிள்ஸுக்கு அடுத்து வந்த என்எஃப்டேபிள்ஸுக்கு (nftables) வந்துடுங்க. 2014-ல லினக்ஸ் கெர்னல் 3.13-ல வந்தது, டெபியன் 10-ல இருந்து டிஃபால்ட்டே அதுதான். அதுல ஐநெட்னு (inet) ஒரு டேபிள் வகை இருக்கு, அதுக்குள்ள எழுதுற ரூல் ரெண்டு ப்ரோட்டோகாலுக்கும் ஓடும். இன்புட் செயினுக்கு (உள்ள வர்ற பாக்கெட்டுக்கான ரூல் வரிசை) பாலிசி ட்ராப், அதாவது எந்த ரூல்லயும் வராததை தூக்கிப் போடு, அப்புறம் ஏற்கனவே பேசிக்கிட்டிருக்க கனெக்‌ஷன்கள் (எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட்) அக்செப்ட், லூப்பேக் (சர்வர் தனக்குள்ளயே பேசுறது) அக்செப்ட், டிசிபி 22 (எஸ்எஸ்ஹெச்), 80, 443 (வெப்) அக்செப்ட். யுஎஃப்டபிள்யூ (ufw, ஃபயர்வாலை சுலபமா போடுற டூல்) போதும்ங்கிறவங்க அதோட டிஃபால்ட் ஃபைல்ல ஐபிவி6 யெஸ்னு இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

இப்போ நிறைய பேர் மாட்டிக்கிற இடம், ஐசிஎம்பி, அதாவது பிங், எரர் மாதிரி நெட்வொர்க் மெசேஜ்களைக் கொண்டு போற ப்ரோட்டோகால். ஐபிவி4-ல பிங்கை மொத்தமா மூடி பழகினவங்க அதே கையோட ஐசிஎம்பிவி6-ஐயும் மூடிடுறாங்க. பண்ணவே பண்ணாதீங்க. ஐபிவி4-ல பக்கத்து மெஷினோட மேக் அட்ரஸை (நெட்வொர்க் கார்டோட அட்ரஸ்) கண்டுபிடிக்க ஏஆர்பின்னு ஒரு ப்ரோட்டோகால் தனியா இருக்கு, ஐபிவி6-ல அந்த வேலையை செய்யறதே ஐசிஎம்பிவி6தான். அதுக்கான டைப் 133-ல இருந்து 136 வரைக்கும் உள்ள விட்டே ஆகணும், எஸ்டாப்ளிஷ்ட் ரூல் இதைக் காப்பாத்தாது, தனியா எழுதணும். கொடுமை என்னன்னா மூடின உடனே ஒண்ணும் தெரியாது, பழைய நெய்பர் கேஷ்ல (ஏற்கனவே கண்டுபிடிச்ச மேக் அட்ரஸ் லிஸ்ட்) கொஞ்ச நேரம் நல்லாவே ஓடிட்டு அப்புறம்தான் படுக்கும், அதுக்குள்ள நீங்க லேப்டாப்பை மூடிட்டு போயிருப்பீங்க. டைப் 2, அதாவது பாக்கெட் டூ பிக், அதையும் உள்ள விடுங்க. ஐபிவி6-ல நடுவுல இருக்க ரவுட்டர் பாக்கெட்டை உடைக்காது, பெருசா இருக்குன்னு திருப்பி சொல்லும், அந்தப் பதிலை நீங்க தடுத்தா எஸ்எஸ்ஹெச் லாகின் ஆகும், பெரிய ஃபைல் காப்பி பண்ணா அப்படியே தொங்கும். 1, 3, 4 எரர் மெசேஜ்கள், பிங்குக்கு 128, இதெல்லாமும் இருக்கட்டும்.

ஆஃபீஸ் ஐபிக்கு மட்டும் எஸ்எஸ்ஹெச் திறக்கிறீங்களா? ஐநெட் டேபிள்லயும் ஐபி எஸ்அட்ரஸ்ங்கிறது (ip saddr, அனுப்புறவங்க அட்ரஸ்) ஐபிவி4-ஐ மட்டும்தான் பாக்கும், ஐபிவி6-க்கு ஐபி6 எஸ்அட்ரஸ்னு இன்னொரு ரூல் வேணும், செட் (அட்ரஸ் லிஸ்ட்) வச்சாலும் ரெண்டு தனித்தனி செட்தான். பிளாக் பண்றதுலயும் கவனம், ஐபிவி6-ல ஒரே ஆள் கையில பெரும்பாலும் ஒரு முழு /64 ரேஞ்ச் (முதல் 64 பிட் ஒண்ணா இருக்க அத்தனை அட்ரஸும்) இருக்கும், ஒத்தை அட்ரஸை தடுத்தா அடுத்த செகண்டே வேற அட்ரஸ்ல வருவான், /64-ஆ தடுங்க.

லோட் பண்றதுக்கு முன்னாடி என்எஃப்டி மைனஸ் சி போட்டு ஃபைல்ல தப்பு இருக்கான்னு செக் பண்ணுங்க, அஞ்சு நிமிஷத்துல ரூல்செட்டை ஃப்ளஷ் பண்ற மாதிரி பேக்கிரவுண்டுல ஒரு ஸ்லீப் கமாண்ட் ஓட விட்டுட்டு அப்புறம் லோட் பண்ணுங்க, பூட்டிக்கிட்டு வெளிய நிக்க வேணாம். (கன்டெய்னர் ஓட்டுற டாக்கர் இருக்க சர்வர்னா ஃப்ளஷ் பண்ணும்போது அதோட ரூல்ஸும் சேந்து போயிடும், டாக்கரை ரீஸ்டார்ட் பண்ணணும்.) பழைய எஸ்எஸ்ஹெச் விண்டோவை மூடாம, வேற விண்டோல மைனஸ் 4 போட்டு ஒரு தடவை, மைனஸ் 6 போட்டு ஒரு தடவை லாகின் பண்ணிப் பாருங்க. ரெண்டும் வந்தா அந்த ஸ்லீப்பை கில் பண்ணுங்க. அப்புறம் ஐபிவி6 இருக்க ஒரு லைன்ல இருந்து என்மேப் மைனஸ் 6. கடைசியா சிஸ்டம்சிடிஎல்ல என்எஃப்டேபிள்ஸ் சர்வீஸை எனேபிள் பண்ணிட்டு ஒரு தடவை ரீபூட் அடிச்சு ரூல்ஸ் திரும்ப வருதான்னு பாத்துடுங்க, டெபியன்ல அது தானா எனேபிள் ஆகி இருக்காது.