நாடியைத் தொடாத வகுப்பு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இணையவழிப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவர்களுக்காக நாங்கள் இணையவழியில் நடத்தும் ஒரு சனிக்கிழமை மதிய வகுப்பு. அணைக்கட்டுப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர், தன் நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசினார். 68 வயது அம்மா. பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினு கீது டாக்டரு" என்று சொல்லிக்கொண்டே மூன்று மாதம் வந்துபோயிருக்கிறார். ஈசிஜி எடுத்து, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று மருத்துவர் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். சீட்டில் 'ரத்தம் மெலிதாக மாத்திரை கொடுக்கப்பட்டது' என்று குறிப்பும் இருந்தது. கொடுத்த மாத்திரை ஆஸ்பிரின். ஏழு வாரம் கழித்து அந்த அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

அந்த மருத்துவர் எங்கள் முந்தைய மூன்று வகுப்புகளிலும் இருந்தவர். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஈசிஜி பார்க்க நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தோம். நோயாளி இடுப்பில் செருகி வைத்திருக்கும் மாத்திரைப் பையை வாங்கிப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்தப் பயிற்சிகளை நடத்துபவர்களும் அதில் சேர்பவர்களும் எங்கெங்கே வழுக்குகிறோம் என்பதை, பழைய வட ஆற்காட்டு ஊர்களில் இருப்பவர்களோடு பேசிப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதற்குப் பதிலாகத் துடிதுடித்துக்கொண்டே இருக்கின்றன. ரத்தம் அங்கே தேங்கி, குறிப்பாக இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் சிறு பை போன்ற பகுதியில், கட்டியாக உறைகிறது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. பலருக்குப் படபடப்பே இருக்காது. பக்கவாதம் வந்த அன்றுதான் நோயே தெரியவரும்.

ஈசிஜியில் தொடங்குவது

பெரும்பாலான வகுப்புகள் திரையில் ஒரு ஈசிஜியோடு தொடங்குகின்றன. 'பி அலை எங்கே? ஆர்-ஆர் இடைவெளி சமமா?' எல்லாம் சரிதான். ஆனால் காலையில் நூறு பேருக்கு மேல் புறநோயாளிகள் வரும் இடத்தில் யாருக்கு ஈசிஜி எடுப்பது என்று முடிவு செய்வது விரல்கள்தான். அதைச் சொல்லிக் கொடுக்காத வகுப்பு, கதவைத் திறக்காமல் வீட்டைச் சுற்றிக் காட்டுவது போல.

இப்போது நான் வகுப்பை இப்படித்தான் தொடங்குகிறேன். கேமராவை ஆன் செய்யச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து முழு 60 வினாடி எண்ணச் சொல்கிறேன். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் இங்கே உதவாது. பிறகு மைக் பக்கத்தில் மேசையைத் தட்டிக் காட்டுவேன். டக், டக்-டக், டக்... டக்-டக்-டக்... டக். இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து மறுபடி தாளம் சேர்ந்துவிட்டால் அது வேறு. எங்கே அடுத்த தட்டு விழும் என்று ஊகிக்கவே முடியாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். அடுத்து, ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து எண்ணச் சொல்வேன். நெஞ்சில் 120, மணிக்கட்டில் 90 என்று வந்தால், பலவீனமான துடிப்புகள் கைவரை வந்து சேரவில்லை என்று அர்த்தம். மணிக்கட்டை மட்டும் எண்ணி 'ரேட் கன்ட்ரோலில் இருக்கிறது' என்று எழுதிவிடக் கூடாது.

டிஜிட்டல் பிரஷர் மெஷினும் இங்கே நம்மை ஏமாற்றும். தாளம் தப்பிய நாடியில் ஒவ்வொரு முறையும் ஒரு எண் காட்டும். மூன்று முறையாவது எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலிலேயே பிரஷர் பார்க்கிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களிடம் கூடவே ஒரு நிமிடம் நாடியையும் தொட்டுப் பார்த்தால் எத்தனையோ பேரை முன்கூட்டியே பிடித்துவிடலாம். ஆனால் பயிற்சிக்கான அழைப்பு மருத்துவர்களுக்கு மட்டுமே போகிறது. ஸ்டாஃப் நர்ஸ், மருந்தாளுநர், தன்னார்வலர் யாரும் அதில் இல்லை. இதைப் பெரிய தவறாகவே பார்க்கிறேன்.

'ரத்தம் மெலிசாகுற மாத்திரை' என்ற ஒரே பெயர்

முதலில் சொன்ன அம்மாவுக்கு நடந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அசிட்ரோம், அபிக்ஸபேன் எல்லாவற்றுக்கும் மக்கள் வாயில் ஒரே பெயர்தான். நாமும் சீட்டில் அப்படியே எழுதிவிடுகிறோம். ஆனால் ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்களைத்தான் ஒட்டவிடாமல் செய்கிறது. மேலறையில் தேங்கி உறையும் கட்டியைத் தடுக்க அது போதாது. பழைய உறைவுத் தடுப்பு மாத்திரையான வார்ஃபரின் ஒத்துவராது என்று கருதப்பட்ட நோயாளிகளிடம் ஆஸ்பிரினையும் அபிக்ஸபேனையும் ஒப்பிட்ட அவெரோஸ் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் ஆண்டுக்கு 3.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் அல்லது வேறு உறுப்பில் ரத்தக்கட்டி அடைப்பு. அபிக்ஸபேன் எடுத்தவர்களில் 1.6 சதவீதம். பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 'ஆஸ்பிரின்னா பயமில்லை' என்ற நினைப்புக்கு ஆதாரமே இல்லை.

நம் ஊரில் இந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றக் காரணம் உண்டு. மாரடைப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் டோஸ் கொடுக்கிறோம். அது உயிரைக் காக்கிறது. 'இதயம் என்றால் ஆஸ்பிரின்' என்று மனதில் பதிந்துவிடுகிறது. வகுப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபடுத்திக் காட்டாவிட்டால், பழைய பழக்கம்தான் ஜெயிக்கும்.

யாருக்கு உறைவுத் தடுப்பு மாத்திரை வேண்டும் என்பதற்கு மதிப்பெண் கணக்கு இருக்கிறது. இதயச் செயலிழப்பு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ரத்தக்குழாய் நோய், 65 முதல் 74 வரை வயது, ஒவ்வொன்றுக்கும் 1. 75 வயது அல்லது அதற்கு மேல் என்றால் 2. முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்காகத் தனியே சேர்த்துவந்த 1 மதிப்பெண்ணை ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் எடுத்துவிட்டது. அந்தக் கணக்கில் 2 அல்லது அதற்கு மேல் வந்தாலே மாத்திரை வேண்டும். அந்த அம்மாவுக்கு 3.

'கீழே விழுந்துடுவாங்க, ரத்தம் வந்துடும்' என்று வயதானவர்களுக்கு மாத்திரையை மறுப்பதும் உண்டு. 1999-இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, விழுவதால் வரும் தலை ரத்தக்கசிவு வார்ஃபரினின் பலனை முறியடிக்க வேண்டுமானால் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும். விழுவதைத் தடுக்க வழி பாருங்கள்: கண்புரை, வழுக்கும் குளியலறை, ராத்திரித் தூக்க மாத்திரை. மாத்திரையை நிறுத்துவது வழியல்ல.

வால்வைக் கேட்காமல் புது மாத்திரை எழுதுவது

வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே எடுத்து நடத்தும் பயிற்சிகள் சறுக்கும் இடம் இதுதான். அங்கே இந்த நோய் பெரும்பாலும் முதியவர்களுக்கானது. நம் நாட்டில் சிறுவயதில் வரும் வாதக் காய்ச்சலால் (ருமாட்டிக் ஃபீவர்) இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, முப்பது நாற்பது வயதிலேயே வருபவர்கள் நிறைய. இந்திய இதயத் தாள மருத்துவர்கள் சங்கத்தின் பதிவேட்டில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாத வால்வு நோய் இருந்தது. இவர்களுக்கு மேலே சொன்ன மதிப்பெண் கணக்கே போடக் கூடாது. வால்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ சுருங்கியிருந்தால் மதிப்பெண் எதுவானாலும் உறைவுத் தடுப்பு வேண்டும், அதுவும் பழைய வார்ஃபரின் வகை மாத்திரைதான். 2022-இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில் வாத இதய நோயாளிகளுக்கு புது மாத்திரையான ரிவராக்ஸபேனைவிட வார்ஃபரின் வகை மாத்திரை கொடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. ஆகவே இளம் வயதில் தாளம் தப்பினால் முதலில் ஸ்டெத்தை வைத்துக் கேளுங்கள். எக்கோ ஸ்கேனுக்கு அனுப்புங்கள். பிரசவமான பெண் மூச்சு வாங்குகிறது என்று வந்தால் இன்னும் அவசரம். கர்ப்பத்தில் வார்ஃபரின் வகை மாத்திரை தனிப் பிரச்சினை, அதை இதய மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

வார்ஃபரின் வகை மாத்திரையான அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பேரணாம்பட்டு மலையடிவாரத்திலிருந்து ரத்தப் பரிசோதனைக்காக மட்டும் வேலூர் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவர் மூன்றாவது மாதம் வராமல் நின்றுவிடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை. பக்கத்தில் எந்தப் பரிசோதனைக் கூடத்தில் பார்க்கலாம், முடிவை போனில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும்.

உணவைப் பற்றியும் நாம் தப்பாகவே சொல்லி அனுப்புகிறோம். 'கீரையைத் தொடவே கூடாது' என்று சொல்லிவிட்டால், முருங்கைக் கீரையை வாழ்நாள் முழுக்க விட்டவர் ஒருநாள் ஆசைப்பட்டு நிறையச் சாப்பிடுவார், ஐ.என்.ஆர். சரிந்துவிடும். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடச் சொன்னால் போதும். முள்ளுக் கத்தரிக்காய் சாப்பிடலாமா என்று எங்களிடம் அடிக்கடி கேட்பார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். கீரையைவிட ஆபத்தானது, மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்லோஃபினாக்கும் 'ஒரு ஊசி போடுங்க' என்று கேட்டு வாங்கும் இடுப்பு ஊசியும். உறைவுத் தடுப்பு மாத்திரையில் இருப்பவருக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் மூன்றும் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும்.

பயத்தில் பாதி டோஸ்

வால்வு நோய் இல்லாதவர்களுக்கு அபிக்ஸபேன், ரிவராக்ஸபேன், டாபிகாட்ரன் போன்ற புது மாத்திரைகள் வசதி. ஆனால் நம் மெலிந்த உடம்புகளைப் பார்த்து மருத்துவர் கை நடுங்குகிறது. அபிக்ஸபேனை 5 மில்லிகிராமிலிருந்து 2.5 ஆகக் குறைக்க மூன்றில் இரண்டு காரணம் வேண்டும்: 80 வயது அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5 அல்லது மேல். நம் பக்கத்துக் கிராமத்துப் பெண்களில் 60 கிலோவுக்குக் கீழ் இருப்பவர்கள் ஏராளம். எடை ஒன்றை மட்டும் பார்த்துக் குறைத்தால், ரத்தக்கசிவு அபாயமும் இருக்கும், பக்கவாதத்திலிருந்து முழுப் பாதுகாப்பும் இருக்காது. ரிவராக்ஸபேன் 20 மில்லிகிராமைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. இதைச் சீட்டில் எழுதாமல் விட்டவர்கள் நிறைய.

வேலூர் வெயில் இன்னொரு விஷயம். அக்னி நட்சத்திரத்தில் வயல் வேலைக்குப் போய் நீர் வற்றினால் சிறுநீரகம் தடுமாறும். டிகாக்சினும் டாபிகாட்ரனும் உடம்பில் தேங்கும். கோடைக்கு முன் ஒரு கிரியாட்டினின் பார்த்துவிடுவது நல்லது.

இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகளில் இரண்டே எச்சரிக்கை. இதயத்தின் சுருங்கும் சக்தி குறைந்தவருக்கு டில்டியாசெம், வெரபமில் வேண்டாம். ஈசிஜியில் அகலமான, படுவேகமான, ஒழுங்கற்ற அலைகள் வந்தால் இதயத்தில் கூடுதல் மின்பாதை இருக்கலாம். அப்போது வெரபமில், டிகாக்சின், அடினோசின் எதையும் தொடாமல் உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்புங்கள். தாளம் தப்பியதற்குக் காரணம் தெரியாத எல்லோருக்கும் தைராய்டு பரிசோதனை.

வகுப்பை நடத்தும் விதத்தில்

திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வகுப்பு வைத்தால் ஒரு கையில் போனும் மறு கையில் சீட்டுமாகத்தான் கேட்பார்கள். மதியம் 2 மணிக்கு மேல், 45 நிமிடம் போதும். பேச்சு 10 நிமிடம், மற்ற நேரமெல்லாம் அவர்கள் கொண்டுவரும் நோயாளிகள். 2003-இல் நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய 'எக்கோ' என்ற தொலைவழிப் பயிற்சி முறையின் அடிப்படையே இதுதான்.

ஈசிஜி படத்தில் பாதித் தொல்லை. டியூப் லைட் வெளிச்சம் பட்டு, மடிப்போடு, லீட் பெயர் வெட்டுப்பட்டு வரும். தாளைச் சமமாக விரித்து, நேர் மேலிருந்து, நீளமாக ஓடும் இரண்டாம் லீட் (லீட் II) முழுவதும் தெரிய எடுக்க வேண்டும். நோயாளி பெயரையும் எண்ணையும் காகிதம் வைத்து மறைத்துவிட வேண்டும். மெஷின் அச்சடித்த முடிவை நம்ப வேண்டாம். கை நடுக்கத்தைக்கூட அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று எழுதும். ஜவ்வாது மலைப் பக்கம் சிக்னல் நிற்காது. படங்களை முந்தைய நாளே அனுப்பிவிட்டு, வகுப்பைக் குரலில் மட்டும் நடத்தலாம்.

கடைசியில் பத்துக் கேள்வி, ஒரு சான்றிதழ் என்று முடிப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். மூன்று மாதம் கழித்து ஒரு வகுப்பு வைத்து, ஒவ்வொருவரும் தன் பதிவேட்டைத் திறந்து படிக்க வேண்டும்: எத்தனை பேரைக் கண்டுபிடித்தீர்கள், அவர்களில் ஆஸ்பிரின் மட்டும் எடுப்பவர் எத்தனை பேர், கடைசி ஐ.என்.ஆர். எப்போது. குடியாத்தம் பக்கத்து ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், தொற்றா நோய்ப் பதிவேட்டில் தானே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, மேலே 'நாடி - 60 வினாடி' என்று எழுதி வைத்திருந்ததைக் கேமராவில் காட்டினார். அந்தக் கட்டத்தில் பதினொரு பெயர்களுக்கு நேராகச் சிவப்பு மையில் சுழித்திருந்தது. அதில் நான்கு பேருக்கு அடுத்த வாரமே ஈசிஜி எடுத்தாகிவிட்டது. மீதி ஏழு பேரை அவர் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.